நூறும் எண்பதும் நூற்றியெண்பது இல்லை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 100 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று. 80 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று. இரண்டுமே 12 வோல்ட். பேரலலில் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு?

180 என்று சொன்னீங்கன்னா, முதலாமாண்டு பேசிக் எலக்ட்ரிக்கல் பேப்பரில் உங்களுக்கு முழு மார்க். எனக்கும் போட்டாங்க. அதே விடையை நம்பித்தான் என் மாமாவையும், மச்சானையும், கூட இன்னும் இரண்டு பேரையும் ஒரு ஜனவரி ராத்திரி கடலுக்கு அனுப்பி வைத்தேன். அந்த ராத்திரியையும், அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதையும் உங்களிடம் சொல்லணும். ஏன்னா நம்ம ஹாஸ்டலிலேயே இரண்டு பேர் ப்ராஜெக்டுக்காகப் பழைய பேட்டரிகளைத் தேடி அலைவதைப் போன வாரம் பார்த்தேன்.

எனக்கு ஊர் பழவேற்காடு. நீங்களும் ஒருமுறையாவது வந்திருப்பீங்க. பூநாரை பார்க்க, டச்சுக்காரர்களின் கல்லறையில் போட்டோ எடுக்க, இல்லைன்னா இறால் வறுவல் சாப்பிட. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி எங்க ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமா ஒரு மணல் திட்டு. போட்கள் கடலுக்குப் போகணும்னா முகத்துவாரம் வழியாத்தான் போகணும். அந்த முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். நேற்று ஆழமா இருந்த இடம் இன்றைக்கு முழங்கால் அளவா இருக்கலாம். பகலிலேயே பார்த்துப் பார்த்து வரவேண்டிய வழி அது. ராத்திரியில் வெளிச்சமும் ஜி.பி.எஸ்.ஸும் இல்லாமல் வருவது சூதாட்டம்.

மாமாவிடம் இருப்பது ஒரு பைபர் போட். சாயந்திரம் ஐந்து மணிக்குக் கிளம்பி, வலை விட்டு, நடு ராத்திரிக்கு மேல் வலை இழுத்து, விடியறதுக்குள் கரைக்கு வந்து மீனை ஏலத்தில் விடணும். போட்டில் மின்சாரத்தில் ஓடுவது அதிகமில்லை. வலை இழுக்கும்போது கை தெரிய நான்கு எல்.இ.டி. விளக்கு, மற்ற போட்டுக்காரர்கள் கண்ணில் படுவதற்குக் கொம்பில் ஒரு விளக்கு, ஜி.பி.எஸ்., தண்ணீர் இறைக்கும் சின்ன பம்பு, போன் சார்ஜர். (மீனை வெளிச்சம் காட்டி இழுக்கும் பெரிய விளக்குகளைச் சொல்லலை. அது 2017-லிருந்தே தடை.) எஞ்சினைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணுவாங்க. அதில் சார்ஜ் ஏற்றும் வசதியும் கிடையாது. ஆகவே கரையில் வீட்டில் ஏற்றிக்கொண்டு போகும் பேட்டரிதான் ராத்திரி முழுக்க எல்லாவற்றுக்கும்.

நான் முதலாமாண்டு படிக்கும்போது பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா புதுசா ஒரு 100 ஆம்பியர் அவர் ட்யூபுலர் பேட்டரி வாங்கியிருந்தார். ஒரு வாரமா நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனா பாருங்க, ஒரு செமஸ்டர் முடித்த இன்ஜினியருக்குக் கை சும்மா இருக்குமா?

மச்சானின் நண்பன் ஒருவன் தன்னுடைய லோடு வண்டிக்குப் புது பேட்டரி மாற்றி, பழசை ஓரமா போட்டிருந்தான். மேலே 80 ஆம்பியர் அவர் என்று எழுதியிருந்தது. சார்ஜரில் போட்டு எடுத்து, கழற்றின கையோடு மல்டிமீட்டரை வைத்தேன். 12.6 வோல்ட். “பார்த்தீங்களா மாமா, உயிரோட இருக்கு. இதையும் சேத்துக்கிட்டா நூத்தி எண்பது. ரெண்டு ராத்திரிக்கு சார்ஜே போட வேணாம்”னு சொன்னேன்.

மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு தம்பி. ஒத்துப் போவுமா?”

“வோல்டேஜ் ஒண்ணுதான் மாமா. கரண்டுக்குப் புதுசு பழசு தெரியாது.”

இந்த வாக்கியத்தை நான் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். தயவுசெய்து நீங்களும் மறக்காதீங்க. இதைவிடத் தப்பா ஒரு வாக்கியத்தை எலக்ட்ரிக்கலில் சொல்லவே முடியாது.

பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் கனமான ஒயரால் இணைத்து, ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டேன். விடியற்காலையில் அத்தை வந்து எழுப்பினார். “இன்னாடா இது, திண்ணை முழுக்கக் கூமுட்டை நாத்தம் அடிக்குது?” நான் புரண்டு படுத்துக்கொண்டே, “பேட்டரின்னா அப்படித்தான் அத்தை இருக்கும்” என்றேன். ஆறு மணிக்குச் சார்ஜரைக் கழற்றினேன். இரண்டு பேட்டரிகளையும் இணைத்தபடியே விட்டேன். மத்தியானம் தொட்டுப் பார்த்தபோது பழசு சூடா இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நிழலுக்கு நகர்த்தி வைத்தேன். சாயந்திரம் போட்டில் ஏற்றிவிட்டோம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மற்ற போட்கள் வர ஆரம்பித்தன. ஐந்தரைக்குப் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மாமா போட்டைக் காணோம். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். மச்சான் போனும் அதே. அன்றைக்குக் கடல் மேல் பனி வேறு கெட்டியாக இறங்கியிருந்தது. அத்தை கரையில் வந்து நின்றார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முகத்துவாரம் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, மனசுக்குள் 180-ஐ 5-ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன். 36 மணி நேரம் வரணும். ஏன் போன் சுவிட்ச் ஆஃப்?

எட்டு மணி தாண்டி போட் வந்தது. நான்கு பேருமே பத்திரம்.

நடந்ததை மச்சான்தான் சொன்னான். பதினோரு மணிக்கே விளக்கு மங்க ஆரம்பித்திருக்கிறது. விளக்கை அணைத்து ஜி.பி.எஸ்.ஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒரு மணிக்கு அதுவும் போய்விட்டது. கொம்பு விளக்கும் இல்லை. நூற்றியெண்பதை நம்பி, போன்களையும் அதில்தான் ஏற்றிக்கொள்ளலாம் என்று பாதிச் சார்ஜோடு போயிருக்கிறார்கள். பனியில் லைட்ஹவுஸ் வெளிச்சமும் தெரியவில்லை. மாமா நங்கூரம் போட்டுவிட்டார். “இருட்டுல மொகத்துவாரத்துக்குப் போனா திட்டுல ஏத்திருவோம், விடியட்டும்” என்று உட்கார்ந்துவிட்டார்கள். தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். பெரிய கப்பல்கள் வந்து போகும் கடல். விளக்கில்லாத போட் ஒன்று இருட்டில் நிற்பது கப்பல்காரனுக்கு எப்படித் தெரியும்? மூன்று மணிக்குப் பெரிய எஞ்சின் சத்தம் ஒன்று நெருங்கி வந்திருக்கிறது. மச்சான் போனில் மிச்சமிருந்த சார்ஜில் டார்ச்சை அடித்து ஆட்டிக்கொண்டே இருந்தானாம். சத்தம் ஒதுங்கிப் போனபோது போனும் அணைந்துவிட்டது.

மாமா என்னைத் திட்டவில்லை. “அந்தப் பழசக் கழட்டி எடுத்துனு போ தம்பி” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அன்றைக்கே இரண்டையும் பிரித்து வைத்தேன். மறுநாள் பொன்னேரியில் ஒரு பேட்டரி கடைக்கு எடுத்துப் போனேன். கடை அண்ணன் பேசவே இல்லை. ஹைட்ரோமீட்டரை எடுத்து, பழைய பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிக் காட்டினார். ஐந்து செல்லில் மிதவை எழும்பியது. ஆறாவதில் அடியிலேயே கிடந்தது. “ஒரு செல்லு செத்துடுச்சுப்பா. உன் புது பேட்டரியை இதுதான் குடிச்சிருக்கு.”

குடித்தது எப்படி என்று பார்ப்போம். ஒரு லெட் ஆசிட் செல் சுமார் 2.1 வோல்ட். ஆறு செல் சேர்ந்தால் பன்னிரண்டரைக்கு மேல். ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிப் போனால் மிச்சம் ஐந்து. அதாவது பத்தரை வோல்ட். இதன் பக்கத்தில் 12.5 வோல்ட்டில் ஒரு புது பேட்டரியைக் கட்டினால் என்ன ஆகும்? மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வது மாதிரி புதுசிலிருந்து பழசுக்குக் கரண்ட் ஓடும். லோடே தேவையில்லை. காலை ஆறிலிருந்து சாயந்திரம் ஐந்து வரை பதினோரு மணி நேரம். நாலைந்து ஆம்பியர் வீதம் போயிருந்தாலே ஐம்பது ஆம்பியர் அவர் காலி. திண்ணையில் சும்மா கிடக்கும்போதே!

சார்ஜ் ஏற்றும்போதும் அதே கதைதான். சார்ஜர் கொடுத்த பத்து ஆம்பியரில் பெரும்பகுதியைப் பழசு விழுங்கிவிட்டது. ஆறு செல்லுக்குரிய வோல்டேஜை ஐந்து செல் தாங்கினால் அது ஓவர்சார்ஜ். தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும், சூடாகும், கடைசியில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். அத்தைக்கு அடித்த கூமுட்டை நாற்றம் அதுதான். காற்றில் ஹைட்ரஜன் நாலு சதவீதம் தாண்டினால் ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். அந்தத் திண்ணை மூன்று பக்கம் திறந்து கிடந்தது எங்கள் அதிர்ஷ்டம். படிக்காத அத்தையின் மூக்கு சரியாகச் சொன்னதை, படித்த நான் தூக்கக் கலக்கத்தில் தள்ளிவிட்டேன்.

அப்படின்னா என் மீட்டர் ஏன் 12.6 காட்டியது? சார்ஜரைக் கழற்றின உடனே அளந்ததால். பிளேட்டுகளின் மேல்பரப்பில் ஒட்டியிருக்கும் சார்ஜ் கொஞ்ச நேரத்துக்குப் பொய் சொல்லும். ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டு அளக்கணும். அப்புறம் ஒரு ஹெட்லைட் பல்பு மாதிரி லோடு கொடுத்து மறுபடியும் அளக்கணும். இரண்டிலும் நின்றால்தான் பேட்டரி.

சரி, செல் சாகாத நல்ல பேட்டரியா இருந்திருந்தால் சேர்த்திருக்கலாமா? அப்போதும் கூடாது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அடுத்த ஆறு மாதம் ஆனது.

வண்டி பேட்டரியும் ட்யூபுலரும் வெளியில் பார்க்க அண்ணன் தம்பி. உள்ளே வேற வேற ஜாதி. 1859-ல் பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே செய்த முதல் பேட்டரியிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: ஈயம், ஈய ஆக்சைடு, கந்தக அமிலம். மாறுவது பிளேட். வண்டி பேட்டரிக்கு வேலை, ஸ்டார்ட் பண்ணும் இரண்டு மூன்று விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுப்பது. அதற்கு மெல்லிய பிளேட்டுகள் நிறைய வேணும். கொடுத்த உடனே ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்பிவிடும். அதைப் போய் எட்டு மணி நேரம் மெதுவா வற்றவைத்தால், சில பத்துத் தடவையிலேயே பிளேட்டில் இருக்கும் மருந்து உதிர்ந்துவிடும். ட்யூபுலரில் பாசிட்டிவ் பிளேட்டே தடித்த குழாய்களாக, உறை போட்டு இருக்கும். மருந்து உதிராது. மெதுவா கொடுக்கும், ஆழமா இறங்கும், நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்கும். இதைத்தான் டீப் சைக்கிள் என்கிறார்கள். நூறு மீட்டர் ஓட்டக்காரனுக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் உள்ள வித்தியாசம்.

அமிலத்தின் அடர்த்தியும் வேற. முழுசா ஏறின வண்டி பேட்டரியில் சுமார் 1.28. நம்ம ஊர் ட்யூபுலரில் சுமார் 1.24. ஒரு செல்லின் வோல்டேஜ் ஏறத்தாழ இந்த அடர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் வரும். கூட்டி ஆறால் பெருக்கிப் பாருங்க. ஒன்று 12.7, இன்னொன்று 12.5. இரண்டுமே புத்தம் புதுசா, முழுசா ஏறியிருந்தாலும் ஒரே வோல்ட்டில் நிற்காது. நான் மாமாவிடம் “வோல்டேஜ் ஒண்ணுதான்” என்றேனே, லேபிளில்தான் ஒண்ணு.

இதையெல்லாம் தேடும்போதுதான் வெளிநாட்டில் வண்டியையே வீடா மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. நம்ம ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் உட்காரும் வண்டி. அங்கே குடும்பமே குடியிருக்கும். அவர்களுக்கும் மாமாவுக்கும் ஒரே பிரச்சினை: கரண்ட் கம்பம் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரியைக் கழிக்கணும். அவர்கள் எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி என்று தனித்தனியா வைக்கிறார்கள். வீட்டு விளக்கு எரிந்து எஞ்சின் பேட்டரி காலியாகிவிடக் கூடாது. வீட்டுக்குப் பலர் கோல்ஃப் வண்டியின் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டை சீரிஸில் கட்டி 12 வோல்ட் ஆக்குகிறார்கள். தடித்த பிளேட், ஒரே பாதை, ஒன்று இன்னொன்றைக் குடிக்க வழியில்லை. நம்ம ஊரில் அதற்கு நெருங்கின சொந்தக்காரன் ஈ-ரிக்ஷா பேட்டரி. நான்கை சீரிஸில் கட்டி 48 வோல்ட்டில் ஓடுகிறதே, அதுவும் டீப் சைக்கிள்தான்.

சீரிஸ் என்றாலும் கலக்கக் கூடாது. பேரலலில் பலவீனமானது பலமானதைக் குடிக்கும். சீரிஸில் எல்லாவற்றிலும் ஒரே கரண்ட் ஓடுவதால், பலவீனமானது முதலில் காலியாகி, மற்றவை அதைத் தலைகீழாகச் சார்ஜ் பண்ணும். அதோடு அது செத்தது. எப்படிச் சேர்த்தாலும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கினது. ஒன்று போனால் இரண்டையும் மாற்றும் மனசு வேணும். இல்லைன்னா சேர்க்கவே வேணாம்.

ஒரே மாதிரி இரண்டைப் பேரலலில் கட்டும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. லோடுக்கான இரண்டு ஒயரையும் முதல் பேட்டரியிலேயே எடுத்தால், இரண்டாவதன் கரண்ட் இணைப்பு ஒயரையும் தாண்டி வரணும். பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸே சில மில்லி ஓம்தான். அந்த ஒயரும் அதே அளவு இருந்தால், முதல் பேட்டரிதான் அதிகம் உழைக்கும், சீக்கிரம் கிழடாகும். ஆகவே பாசிட்டிவை ஒரு பேட்டரியிலும் நெகட்டிவை இன்னொன்றிலும் குறுக்காக எடுங்க. ஒவ்வொரு பேட்டரியின் பாசிட்டிவிலும் தனித்தனி ஃப்யூஸ் போடுங்க. எனக்கு அன்றைக்கு ஃப்யூஸ் என்ற நினைப்பே இல்லை.

ஆம்பியர் அவர் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. பக்கத்தில் சி20 என்று எழுதியிருந்தால், 100 ஆம்பியர் அவர் என்பது 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். 20 ஆம்பியர் எடுத்தால் 5 மணி நேரம் வராது, குறையும். சி10 என்று எழுதியிருந்தால் பத்து மணி நேரக் கணக்கு. கடையில் இரண்டு பேட்டரியை ஒப்பிடும்போது முதலில் இந்தச் சின்ன எழுத்தைப் பாருங்க. இன்னொன்று: அந்த முழு எண்ணும் நமக்கானது இல்லை. லெட் ஆசிட்டில் தினமும் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் ஆயுள் வரும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு அடுத்த லீவில் மாமாவிடம் போனேன். இந்தமுறை பேட்டரியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நோட்டை எடுத்து வைத்து, “ராத்திரி என்னென்ன எவ்வளவு நேரம் எரியும் மாமா?” என்று கேட்டேன். முன்பு நானே குத்துமதிப்பா 60 வாட், 8 மணி நேரம், 480 வாட் அவர், அதாவது 40 ஆம்பியர் அவர் என்று போட்டிருந்தேன். மாமா சிரித்தார். “நான் எப்படா எல்லா லைட்டையும் எட்டு மணி நேரம் போட்டேன்? வலை இழுக்கும்போதுதான் போடுவேன்.” மறுபடி எழுதினோம். வேலை விளக்கு 40 வாட், 3 மணி நேரம், 120. ஜி.பி.எஸ். 8 வாட், 10 மணி நேரம், 80. கொம்பு விளக்கு 5 வாட், 12 மணி நேரம், 60. போன்களுக்கு 30. பம்புக்கு 20. மொத்தம் 310 வாட் அவர். 12-ஆல் வகுத்தால் 26 ஆம்பியர் அவர்.

கவனிச்சீங்களா? மாமாவின் புது பேட்டரியில் பாதியே 50. என் பழைய கணக்கான 40-க்கே அது தனியாப் போதும். நான் சேர்க்கவே தேவையில்லாத ஒன்றைச் சேர்த்துத்தான் இருந்ததையும் கெடுத்தேன். கேட்க வேண்டிய ஆளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த ராத்திரி நடந்திருக்காது.

அந்த ட்யூபுலர் அடியோடு வற்றினதில் கொஞ்சம் பலம் குறைந்துபோயிருந்தது. அது வீட்டு விளக்குக்கு வந்துவிட்டது. போட்டுக்கு அது முதலிலிருந்தே சரியான ஆளும் இல்லை. திறந்த மூடி, உள்ளே தண்ணி மாதிரி ஆசிட், போட்டோ ஆடும். சிந்தினால் கையும் வலையும் போகும். அதைவிட மோசம், உப்புத் தண்ணீர் ஆசிட்டில் கலந்தால் குளோரின் வாயு வரும். பழைய காலத்து நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் அதிகம் பயந்தது இதற்குத்தான். ஆகவே போட்டுக்குச் சீல் செய்த வகைதான் நல்லது. டெர்மினலில் வாசலின் தடவி, மூடியுள்ள, ஆனால் காற்றோட்டம் உள்ள பெட்டியில் கட்டி வைக்கணும்.

லித்தியம் பற்றியும் பேசினோம். லித்தியம் அயன் பாஸ்பேட் என்ற வகை, 1997-ல் குட்இனஃப் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு. (அவருக்கு நோபல் கிடைத்தது 2019-ல், 97 வயதில். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் தைரியமா இருங்க.) எடை மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம், எண்பது சதவீதம் வரை இறக்கலாம், ஆயிரக்கணக்கான தடவை உழைக்கும். ஆனா ஒன்று. லெட் ஆசிட் சாகும் முன் விளக்கு மங்கி நமக்குச் சொல்லும். லித்தியம் கடைசிவரை 13 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். சட்டென்று வெட்டிவிடும். கடலில் அந்த முன்னறிவிப்பு பெரிய விஷயம். லெட் ஆசிட்டோடு நேரடியா பேரலலில் கட்டவும் கூடாது. சார்ஜ் வோல்டேஜ், நிற்கும் வோல்டேஜ் எல்லாமே வேற. மாமா விலையைக் கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியில் ஒரே மாதிரி 65 ஆம்பியர் அவர் சீல்டு டீப் சைக்கிள் பேட்டரி இரண்டு வாங்கினோம். ஒரே நாள், ஒரே கடை. நான் குறுக்கு இணைப்பு, ஃப்யூஸ் எல்லாம் பேப்பரில் அழகா வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இத இன்னாத்துக்குத் தம்பி சேக்கணும்?”

எனக்குப் பதில் வரவில்லை.

“ஒண்ணு பாதி போனாலே ஒரு ராத்திரிக்குப் போதும்னு நீதான் கணக்குப் போட்ட. அப்ப ஒண்ண வேலைக்கு வெச்சிக்கலாம். இன்னொண்ண வூட்டுக்குத் திரும்பி வர்றதுக்கு வெச்சிக்கலாம். சேத்துக் கட்டிட்டா, போனா ரெண்டும் சேந்துதான போவும்?”

65-ல் பாதி 32. தேவை 26. மாமா சொன்னது சரி. சேர்ப்பது எப்படி என்று ஆறு மாதம் படித்த நான், சேர்க்கணுமா என்று கேட்கவே இல்லை. ஒன்று, இரண்டு, ஆஃப் என்று மூன்று நிலை உள்ள சுவிட்ச் ஒன்று போட்டோம். ஒரு ராத்திரி ஒன்றாம் நம்பர், அடுத்த ராத்திரி இரண்டாம் நம்பர். ஓய்வில் இருப்பதுதான் அவசரத்துக்கு.

“பாடு மாதிரிதான்” என்றார் மாமா. எங்க ஏரியில் பாடு என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையா இருக்கிறது. இறால் வலை கட்டும் நல்ல இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் போய் விழக் கூடாது. எந்தக் குழு, எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். பல பேர் ஆராய்ச்சி பண்ணியிருக்கிறார்கள் இதைப் பற்றி. பேட்டரிக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதே வருஷம் டிசம்பரில், 2023, மிக்ஜாம் புயல் வந்தது. எங்க தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. வீட்டில் அந்தப் பழைய ட்யூபுலர் மட்டும் நின்றது. போட்டிலிருந்து இறக்கின இரண்டும் இருந்தது. தெருவே போன்களோடு வந்துவிட்டது. சென்னையில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், தண்ணீரில் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்களோடு பேசணும் என்று நின்றவர்கள். ஒருவர் ஆட்டோ பேட்டரியைத் தூக்கி வந்தார். இன்னொருவர் பைக்கிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். “எல்லாத்தையும் ஒண்ணா சேத்துடு தம்பி, நீதான் இன்ஜினியருக்குப் படிக்கிறயே.”

சேர்க்கவில்லை. ட்யூபுலரில் கூடவே 30 போன் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி சார்ஜர், தனி வரிசை. ஆட்டோ பேட்டரியில் நாலு போனுக்கு மேல் விடவில்லை. வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகணுமே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீட்டரை வைத்துப் பார்த்து, 12.2-க்கு வந்ததை ஒதுக்கி வைத்தேன். இரண்டாம் நாள் ராத்திரி, மாமாவின் இரண்டாம் நம்பர் பேட்டரியை மட்டும் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது இருட்டில் ஏரி தாண்டிக் கொண்டுபோக வேண்டியிருந்தால் என்று மாமா சொல்லியிருந்தார். அந்த அவசரம் வரவில்லை. மூன்றாம் நாள் கரண்ட் வந்தபோது அது முழுசா அப்படியே இருந்தது.

செத்த பேட்டரியை என்ன பண்ணினேன் என்று கேட்பீங்க. ஊரில் சிலர் ஆசிட்டைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடைக்குப் போடுவார்கள். ஏரிக்கரையில் அதைச் செய்தால் அது யார் வயிற்றில் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்க. அந்த இறாலைத்தான் நீங்க வந்து சாப்பிடறீங்க. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழசைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு. புதுசு வாங்கும்போது கடையில் அப்படியே ஆசிட்டோடு கொடுத்துவிடுங்க. விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

ஹாஸ்டலில் பேட்டரி தேடும் நண்பர்களுக்கு: நாளைக்கு என் ரூமுக்கு வாங்க. ஹைட்ரோமீட்டர் இருக்கு. கொண்டுவரும் பேட்டரியை ஒரு ராத்திரி என் மேஜைக்கடியில் சும்மா வைப்போம், காலையில் அளப்போம். அதற்கு முன்னாடி எதையும் எதோடும் சேர்க்காதீங்க. ராத்திரி ரூமில் கூமுட்டை நாற்றம் அடித்தால், நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்புங்க.